எந்திர மெய்ம்மறை: ரோபோ வேடத்துக்கு ஒரு தமிழ்ச்சொல்

திரைப்படத்தில் ரோபோவாக நடிப்பவர் மேல் பூட்டுகிற கூட்டை ‘ரோபோ சூட்’ என்கிறார்கள். தமிழில் எழுதும்போது ‘ரோபோ உடை’ என்று முடித்துவிடுகிறோம். இதில் ‘உடை’தான் பொருந்தவில்லை. உடுப்பது உடை, அது உடம்போடு வளையும், நாமே போட்டு நாமே கழற்றலாம். இந்தக் கூட்டுக்கு இந்த இரண்டு குணமும் கிடையாது.

முதலில் ‘ரோபோ’. செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920இல் வெளியிட்ட ‘ஆர்.யு.ஆர்.’ நாடகத்தில்தான் இந்தச் சொல் உலகுக்கு வந்தது. சொல்லை எடுத்துக்கொடுத்தவர் அவருடைய அண்ணன், ஓவியர் யோசெஃப். செக் மொழியில் ‘ரோபோட்டா’ என்பது குடியானவர்கள் நிலக்கிழாருக்குக் கூலியில்லாமல் செய்த கட்டாய வேலை. சோழர் கல்வெட்டுகளில் ‘வெட்டி’ என்று வருகிறதே, கிட்டத்தட்ட அதேதான். சாப்பெக்கின் ரோபோக்கள் இரும்பால் ஆனவை அல்ல என்பது பலருக்குத் தெரிவதில்லை. செயற்கையாகச் செய்த தசையும் நரம்பும் கொண்டவை, பார்வைக்கு மனிதர்கள். ஆகவே நடிகர் கூடு எதையும் சுமக்கத் தேவையிருக்கவில்லை. பளபளக்கும் உலோக மேனியை ரசிகர் மனத்தில் ஆழப் பதித்தது திரைப்படம்.

1927இல் ஜெர்மனியில் வெளிவந்த ‘மெட்ரோபொலிஸ்’ படத்தின் எந்திரப் பெண்ணைச் செய்தவர் சிற்பி வால்ட்டர் ஷுல்ட்ஸே-மிட்டென்டோர்ஃப். நடிகை பிரிகிட்டே ஹெல்மை நிற்கவைத்து, உடல் முழுவதையும் பிளாஸ்டரில் அச்செடுத்தார். காற்றுப்பட்டால் இறுகி, பிறகு மரம்போல் இழைக்க வரும் ஒரு பசை அப்போது கடையில் கிடைத்தது. சாக்குத் துணியில் அதை மெல்லிய படலமாகத் தடவி, துண்டு துண்டாக அந்தப் பிளாஸ்டர் உருவத்தின் மேல் படியவைத்தார். செருப்புத் தைப்பவர் கட்டைமேல் தோலை இழுத்துப் படியவைப்பது போன்ற வேலை. இறுகியதும் தேய்த்து, விளிம்பு வெட்டி, மேலே வெள்ளிப்பொடி கலந்த பூச்சு. திரையில் உலோகமாகத் தெரிவது உண்மையில் மரப்பசையும் சாயமும். உள்ளே இருந்த ஹெல்முக்கு மிஞ்சியது சிராய்ப்பும் கன்றலும்.

1977இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் தங்கநிற ரோபோ சி-3பிஓ இந்த எந்திரப் பெண்ணின் நேர் வாரிசு. ஓவியர் ரால்ஃப் மக்வாரி தீட்டிய முதல் படங்களில் அந்தச் சாயல் அப்படியே தெரியும். உள்ளே இருந்தவர் அந்தோனி டேனியல்ஸ். அவருடைய உடலையும் பிளாஸ்டரில் அச்செடுத்து, அதன்மேல் களிமண்ணில் வடிவம் பிடித்து, ஃபைபர்கிளாஸிலும் பிளாஸ்டிக்கிலும் வார்த்தார்கள். இடுப்புப் பகுதியை மட்டும் ரப்பரும் ஒயர்களுமாக விட்டார்கள். பார்ப்பவருக்கு அது எந்திரத்தின் குடல். நடிகருக்கு அதுதான் உடம்பு வளையக் கிடைத்த ஒரே இடம். இதை நான் மிகவும் மதிக்கிறேன். மூட்டு வளையவேண்டிய கட்டாயமே அந்தப் பாத்திரத்துக்கு அழகாகிவிட்டது. துனிசியாவில் முதல் நாள் படப்பிடிப்பிலேயே இடது காலின் பிளாஸ்டிக் உடைந்து டேனியல்ஸின் பாதத்தில் குத்தியது. உட்கார முடியாது, காட்சிகளுக்கு நடுவே ஒரு சாய்வுப் பலகையில் முதுகைக் கொடுத்து நிற்பார். தலைக்கூடு மாட்டியபின் பக்கவாட்டில் எதுவும் தெரியாது.

‘ரோபோகாப்’ படத்தில் (1987) ஒப்பனைக் கலைஞர் ராப் பாட்டின் (Rob Bottin) வடிவமைத்த கூட்டோடு நடிகர் பீட்டர் வெல்லரால் காருக்குள் உட்கார முடியவில்லை. அதனால் கார்க் காட்சிகளை மேல்பாதியை மட்டும் மாட்டி எடுத்தார்கள். ஊமைக்கூத்து ஆசிரியர் மோனி யாக்கிமிடம் நடையைப் பயின்றிருந்த வெல்லர், கூடு கைக்கு வந்தபின் அதன் பாரத்துக்கேற்ப எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

இனி தமிழுக்கு. ‘எந்திரம்’ வடமொழி ‘யந்த்ர’வின் தமிழ் வடிவம்தான், ஆனால் சங்க காலத்திலேயே நம்மிடம் குடியேறிவிட்டது. புறநானூற்றில் ‘கரும்பின் எந்திரம்’ முழங்குகிறது. பதிற்றுப்பத்தில் ‘தீம்பிழி எந்திரம்’ வருகிறது. இரண்டும் கரும்பு ஆலை. 2010இல் வந்த ஷங்கரின் படம் தெலுங்கில் ‘ரோபோ’, இந்தியில் ‘ரோபோட்’, தமிழில் ‘எந்திரன்’. ‘அன்’ விகுதி சேர்ந்ததும் கருவி உயர்திணை ஆனது. ‘தானியங்கி’ என்பாரும் உண்டு; தானாக மூடும் கதவுக்கும் அது பொருந்திவிடுவதால் எந்திரனே மேல். பெண் வடிவத்துக்கு ‘எந்திரப் பாவை’ என்பேன்: பாவை பொம்மையும் ஆகும், பெண்ணும் ஆகும்.

கூட்டுக்கு? ‘கவசம்’ என்றால் எல்லோருக்கும் புரியும், தவறும் இல்லை. என் தேர்வு ‘மெய்ம்மறை’. மெய்யை மறைப்பது, அதாவது போர்வீரனின் உடற்கவசம். ஆலையைச் சொன்ன அதே பதிற்றுப்பத்து, சேர மன்னனைச் ‘சான்றோர் மெய்ம்மறை’, ‘மழவர் மெய்ம்மறை’ என்று அழைக்கிறது: தன் வீரர்களுக்குக் கவசமாக முன்னே நிற்பவன் என்ற பொருளில். நடிகரின் உடலைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைப்பதே ரோபோக் கூட்டின் முதல் வேலை என்பதால், ‘எந்திர மெய்ம்மறை’ கவசத்தைவிடத் துல்லியமாக உட்காருகிறது.

வினைச்சொல்லிலும் கவனம் வேண்டும். ‘அணிந்தார்’, ‘உடுத்தினார்’ இரண்டும் ஒட்டாது. உதவியாளர்கள் துண்டு துண்டாகக் கொண்டுவந்து, கொக்கி போட்டு, திருகி, கடைசியில் தலையை மூடுகிறார்கள். தெருக்கூத்தில் கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிய கிரீடத்தையும் புஜக்கட்டையையும் கயிறு இழுத்துக் கட்டுவதை ‘வேடம் கட்டுதல்’ என்கிறோம். கட்டை எங்கே இறுக்குகிறது என்பதைக் கூத்தாடியிடம் கேட்டால் டேனியல்ஸ் பட்ட பாட்டையே சொல்லக்கூடும். எனவே ‘நடிகருக்கு மெய்ம்மறை பூட்டினார்கள்’ என்றோ ‘நடிகர் எந்திரன் வேடம் கட்டினார்’ என்றோ எழுதலாம். எழுதும்போது ‘மெய்மறை’ அல்ல, மகர ஒற்று இரட்டித்து ‘மெய்ம்மறை’.