நிரலைப் படித்து விளக்கம் எழுதும் மொழி மாதிரிகள்

மொரீசியஸின் எபென் சைபர் சிட்டியில் நாங்கள் பராமரித்துவரும் ஒரு சம்பளக் கணக்கு மென்பொருளில், இரவுப் பணி நேரத்தைக் கணக்கிடும் பகுதியில், பல ஆண்டுகளாக யாரும் கை வைக்காத ஐந்து வரிகள் இருந்தன. பதிவான நாள் 2008 அக்டோபர் 26-க்கும் 2009 மார்ச் 29-க்கும் இடைப்பட்டதாக இருந்தால், உலகப் பொது நேரத்துடன் 4 மணி நேரத்துக்குப் பதிலாக 5 மணி நேரத்தைக் கூட்ட வேண்டும் என்பதே அவ்வரிகளின் பொருள். அவற்றின் தலைக்கு மேல், மொரீசியஸின் பேச்சுமொழியான கிரியோலில் ஒரே ஒரு குறிப்பு இருந்தது: "பா தூஸ் சா", அதாவது "இதைத் தொடாதே". இந்த மென்பொருளுக்கு ஆவணம் எழுதும் வேலையை ஒரு மொழி மாதிரியிடம், அதாவது உரையைக் கற்று உரை எழுதும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளிடம், ஒப்படைத்தபோது, நூற்றுக்கணக்கான செயற்கூறுகளுக்கு (குறிப்பிட்ட ஒரு வேலையைச் செய்யும் நிரல் பகுதிகளுக்கு) அது நல்ல விளக்கங்களை எழுதியது. இந்த ஐந்து வரிகளுக்கும் தயக்கமின்றி எழுதியது: பிரான்சிலுள்ள வாடிக்கையாளர்களுக்காக ஐரோப்பியக் கோடைக்கால நேர மாற்றம் இங்கே சரிசெய்யப்படுகிறது என்று. அந்த விளக்கம் தவறு. அது எவ்வாறு தவறியது என்பதை விளங்கிக்கொள்ள, இந்தக் கருவி எப்படி இயங்குகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

மென்பொருள் ஆவணம் என்பது நிரலை எழுதியவர் பின்னால் வருபவருக்கு விட்டுச்செல்லும் விளக்கம். ஒரு செயற்கூறு எதை வாங்கிக்கொள்கிறது, எதைத் திருப்பித் தருகிறது, எந்த நிலையில் பிழை எழுப்பும், முழு அமைப்பும் எப்படிப் பொருந்தி நிற்கிறது என்பவை அதில் இருக்கும். நிரலில் பிழை நேர்ந்தால் மென்பொருள் நின்றுவிடும். உடனே யாராவது சரிசெய்வார்கள். ஆவணம் பழையதாகிப்போனால் எதுவும் நிற்காது, யாருக்கும் தெரியாது. ஆவணங்கள் எப்போதும் நிரலுக்குப் பின்தங்கியே இருப்பதற்கு இதுதான் அடிப்படைக் காரணம் என்பது என் கருத்து. பொறியாளர்களின் சோம்பல் இரண்டாம் காரணமே. இதற்குத் தீர்வு தேடும் முயற்சி புதிதன்று. நிரலையும் விளக்கத்தையும் ஒரே நூலாக எழுத வேண்டும் என்று டொனால்ட் கனூத் 1984-இல் முன்மொழிந்தார். 1990-களில் வந்த ஜாவாடாக், டாக்ஸிஜன் போன்ற கருவிகள், நிரலின் மேலுள்ள குறிப்புகளைத் திரட்டி அழகிய பக்கங்களாக்கின. ஆனால் குறிப்பை மனிதர் எழுதியிருந்தால்தான் அவற்றால் திரட்ட முடியும். எழுதாத இடத்தில் செயற்கூறின் பெயரும் உள்ளீடுகளின் வகையும் மட்டும் எலும்புக்கூடாக நிற்கும். மொழி மாதிரி வந்த பிறகுதான் அந்த வெற்றிடத்தில் வாக்கியங்கள் தோன்றத் தொடங்கின.

மொழி மாதிரிக்கு நிரலும் உரையும் ஒன்றுதான். இரண்டையும் அது டோக்கன் எனப்படும் சிறு துண்டுகளாக வெட்டிக்கொள்கிறது. அடிக்கடி வரும் எழுத்துத் தொடர்கள் முழுத் துண்டாகவும், அரிதானவை பல துண்டுகளாகவும் அமையும். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள் தேவை. வெட்டும் முறையைப் பயிற்றுவித்த தரவில் தமிழ் குறைவாகவே இருப்பதும் இதனுடன் சேர்வதால், ஒரே கருத்தைத் தமிழில் எழுத ஆங்கிலத்தைவிட அதிக டோக்கன்கள் செலவாகின்றன. தமிழில் ஆவணம் வேண்டுவோர் அதற்கான கட்டணத்தையும் நேரத்தையும் கூடுதலாகத் தர வேண்டியிருப்பது இதனால்தான். இவ்வாறு வெட்டிய துண்டுகளின் வரிசையைக் கொடுத்தால், அடுத்து எந்தத் துண்டு வரக்கூடும் என்பதற்கான நிகழ்தகவை மாதிரி கணக்கிடுகிறது. அதில் ஒன்றைத் தேர்ந்து வரிசையில் சேர்த்து, மீண்டும் கணக்கிடுகிறது. ஒரு பத்தி விளக்கமும் இப்படித் துண்டு துண்டாகத்தான் உருவாகிறது.

அந்தக் கணிப்பு பொருளுள்ளதாக அமையக் காரணம், 2017-இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட டிரான்ஸ்ஃபார்மர் என்னும் கட்டமைப்பு. அதன் உயிர்நாடி "கவனம்" என்று அழைக்கப்படும் கணக்கீடு. ஒவ்வொரு துண்டும், தனக்கு முன்னுள்ள துண்டுகளில் எது தனக்கு எவ்வளவு தொடர்புடையது என்று எடைபோட்டு, அந்த எடைக்கேற்ப அவற்றின் தகவலைத் தன்னுள் கலந்துகொள்கிறது. நாற்பது வரிகளுக்கு முன் ஒரு மாறியில் 15 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி ஏற்றப்பட்டு, இறுதி வரியில் அந்த மாறி திருப்பி அனுப்பப்பட்டால், இறுதி வரிக்கு விளக்கம் எழுதும்போது அந்தத் தொலைவான வரிக்கு அதிக எடை கிடைக்கிறது. பயிற்சியின்போது யாரும் படிக்கக்கூடிய பொதுநிரல்களைக் கோடிக்கணக்கான வரிகளில் படிக்கையில், செயற்கூறும் அதன் விளக்கமும் அருகருகே இருப்பதை மாதிரி திரும்பத் திரும்பக் காண்கிறது. இன்ன வடிவ நிரலின் பக்கத்தில் இன்ன வகை வாக்கியம் இருக்கும் என்னும் பழக்கம் அதன் எண்களில் பதிந்துவிடுகிறது.

ஓப்பன்ஏஐ நிறுவனம் 2021-இல் கோடெக்ஸ் என்னும் மாதிரியை வெளியிட்டபோது, விளக்கத்தைப் படித்து நிரல் எழுதும் மாதிரியுடன், நிரலைப் படித்து விளக்கம் எழுதும் ஒரு மாதிரியையும் பயிற்றுவித்துப் பார்த்தது. நிரல் சரியா என்பதைச் சோதனைகளை ஓட்டித் தானாகவே கண்டறிந்தார்கள். விளக்கம் சரியா என்பதை அறிய அத்தகைய வழி இல்லாததால், மனிதர்களே ஒவ்வொன்றாகப் படித்து மதிப்பிட வேண்டியிருந்தது. இந்த ஏற்றத்தாழ்வு இன்றும் நீங்கவில்லை. நாங்கள் அன்றாடம் படும் பாட்டின் வேர் அதுவே. அந்த மாதிரி சில இடங்களில், "இந்தச் செயற்கூறை இணையத்தில் கண்டெடுத்தேன்" என்ற பொருளில்கூட எழுதியது. மனிதர்கள் எழுதிவைத்த பொறுப்பற்ற குறிப்புகளையும் சேர்த்தே அது படித்திருந்தது.

ஒரு செயற்கூறை விளக்குவது எளிது. ஒரு மென்பொருளின் நிரல் முழுவதும் சேர்ந்த களஞ்சியத்தை விளக்குவதே கடினம். மாதிரி ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய டோக்கன்களுக்கு எல்லை உண்டு. 2020-இல் வந்த ஜிபிடி-3, 17,500 கோடி அளவுருக்கள் (பயிற்சியில் அமையும் எண்கள்) கொண்டதாயினும், 2,048 டோக்கன்களை மட்டுமே பார்க்க வல்லது. இன்றைய மாதிரிகள் பல லட்சம் டோக்கன்களை ஏற்கின்றன. அப்படியிருந்தும் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் நடுவில் கிடக்கும் தகவலை அவை தவறவிடும் போக்கு காணப்படுகிறது. ஆகவே பொறியாளர் ஒரு கருவித் தொடரை அமைக்கிறார். முதலில் ஒரு பாகுபடுத்தி நிரலைத் தொடரியல் மரமாகப் பிரித்து, ஒவ்வொரு செயற்கூறும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எது எதை அழைக்கிறது என்று காட்டுகிறது. இந்த வேலைக்கு மொழி மாதிரி தேவையில்லை. ஊகம் கலக்காத, உறுதியான கணக்கு இது. பிறகு, வேறெதையும் அழைக்காத அடிமட்டச் செயற்கூறுகளை மாதிரியிடம் கொடுத்து விளக்கம் பெறுகிறோம். அவற்றை அழைக்கும் மேல்மட்டச் செயற்கூறுகளைக் கொடுக்கும்போது, கீழுள்ளவற்றின் முழு நிரலுக்குப் பதில் அந்தச் சுருக்கங்களை மட்டும் சேர்த்துக் கொடுக்கிறோம். இப்படி அடியிலிருந்து நுனிக்கு ஏறினால், இறுதியில் முழு மென்பொருளுக்குமான அறிமுகப் பக்கம் கிடைக்கும். தொடர்புடைய வடிவமைப்புக் குறிப்புகள், வாடிக்கையாளர் கோரிக்கைச் சீட்டுகள் ஆகியவற்றைத் தேடி எடுத்து மாதிரியின் முன் வைக்கும் முறையும் உண்டு; தேடலால் வலுவூட்டிய எழுத்து என்று அதைச் சொல்லலாம். இதன் பிறகு ஒவ்வொரு முறை, நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் ஜிட் களஞ்சியத்தில் மாற்றம் பதிவாகும்போதும், மாறிய செயற்கூறுகளையும் அவற்றை அழைப்பவற்றையும் மட்டும் மறுபடி எழுதச் செய்தால் போதும். நிரல் மாறிய அன்றே ஆவணத்தின் வரைவும் மாறி, சரிபார்ப்பவரின் மேசைக்கு வந்துவிடுகிறது. பின்தங்கும் நோய்க்கு நான் கண்ட நல்ல மருந்து இதுதான் என்று மனமார்ந்து சொல்வேன்.

இப்போது அந்த ஐந்து வரிகளுக்குத் திரும்புவோம். அவற்றை எழுதியவர் ரோஸ் ஹில்லில் வசிக்கும், பணி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். அலுவலகத்தில் எல்லாரும் அவரைத் "தோந்தோன்" (மாமா) என்றே அழைப்போம். காவடித் திருநாளன்று கோவிலில் அவரைக் கண்டபோது கேட்டேன். அவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. மின்சாரத்தைச் சேமிக்கும் நோக்கத்துடன் மொரீசியஸ் அரசு 2008-09 கோடையில் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்திப் பார்த்தது; அடுத்த ஆண்டு அதைத் தொடரவில்லை. நாம் தென் அரைக்கோளத்தில் இருப்பதால் நம் கோடை நவம்பர் முதல் ஏப்ரல் வரை; அதையொட்டி நேர மாற்றம் அக்டோபர் இறுதியில் தொடங்கி மார்ச் இறுதியில் முடிந்தது. அந்த மாதங்களில் இரவுப் பணி செய்த ஹோட்டல் ஊழியர்களின் பழைய கணக்கைத் திறந்தால் ஒரு மணி நேரச் சம்பளம் பிசகாமல் இருக்கவே அவர் அவ்வரிகளை எழுதினார்.

மாதிரி ஏன் ஐரோப்பாவைச் சொன்னது என்பது நாட்காட்டியைப் பார்த்ததும் விளங்கியது. ஐரோப்பியக் கோடைக்கால நேரம் 2008-இல் முடிந்தது அக்டோபர் 26. மீண்டும் தொடங்கியது 2009 மார்ச் 29. மொரீசியஸ் தேர்ந்த நாட்களும் அவையே, மாற்றத்தின் திசைதான் எதிர்மாறானது. அந்த இரு நாட்களும் ஒருங்கே வரும்போது அருகில் "ஐரோப்பா" என்னும் சொல் இருப்பதை மாதிரி தன் பயிற்சியில் எண்ணற்ற முறை கண்டிருக்கும். மொரீசியஸ் என்னும் சொல்லை அரிதாகவே கண்டிருக்கும். களஞ்சியத்தின் வேறு பக்கங்களில் பிரெஞ்சுக் குறிப்புகள் நிறைய இருந்ததும் கணிப்பை அதே பக்கம் சாய்த்திருக்கலாம். "நாள் இந்த எல்லைக்குள் இருந்தால் ஐந்து மணி நேரம் கூட்டு" என்பது நிரலிலேயே இருக்கிறது; அதை மாதிரி பிழையின்றிச் சொன்னது. "ஏன்" என்பது நிரலில் எங்குமே இல்லை. இல்லாததைக் கேட்டபோது, மிக அதிக நிகழ்தகவு உள்ள காரணத்தை அது நிரப்பியது. உண்மையான விளக்கமும் நிரப்பிய விளக்கமும் ஒரே நடையில், ஒரே உறுதியுடன் வருவதால், படிப்பவருக்கு வேறுபாடு தெரிவதில்லை.

டென்மார்க் கணினி அறிவியலாளர் பீட்டர் நவுர் 1985-இலேயே, நிரலாக்கம் என்பது அதை எழுதுபவர்களின் மனத்தில் ஒரு கோட்பாடு உருவாவது என்றும், அது முழுமையாக ஆவணத்தில் இறங்காது என்றும் வாதிட்டார். எவ்வளவு இறங்காது என்பதில் எனக்கு அவரோடு சற்று மாறுபாடு உண்டு. உலகக் கணினிகள் பலவும் நம்பியிருக்கும் நேர மண்டலத் தரவுத்தொகுப்பையே எடுத்துக்கொள்வோம். ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980-களில் தொடங்கி, 2011 முதல், இணையப் பெயர்களையும் எண்களையும் ஒதுக்கும் ஐயானா அமைப்பின் பொறுப்பில் இருப்பது அது. அதில் மொரீசியஸின் நேர மாற்ற விதிகள் நான்கே வரிகள்: 1982, 1983, 2008, 2009 ஆகிய ஆண்டுகளுக்கு ஒவ்வொன்று. அவற்றுக்கு மேலே, இந்த மாற்றம் எப்போது அறிவிக்கப்பட்டது, பின்னர் ஏன் தொடரவில்லை என்று தொண்டர்கள் ஒருவருக்கொருவர் எழுதிய குறிப்புகள் பல மடங்கு நீளத்தில் அப்படியே வைக்கப்பட்டிருக்கின்றன. நவுர் சொன்ன கோட்பாட்டில் ஒரு நல்ல பங்கை இப்படி எழுதிவைக்க முடியும், எழுதும் பழக்கம் இருந்தால்.

எங்கள் கருவித் தொடரில் அதன்பின் பல மாற்றங்களைச் செய்தோம். காரணத்தைச் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அது எந்தக் குறிப்பிலிருந்து, எந்தச் சீட்டிலிருந்து, எந்த வரியிலிருந்து பெறப்பட்டது என்று மாதிரி சுட்ட வேண்டும். சுட்ட முடியாவிட்டால் வாக்கியத்தை எழுதாமல் கேள்வியாக விட வேண்டும். சுட்டிய இடம் உண்மையிலேயே இருக்கிறதா என்பதை ஒரு சாதாரண நிரல் சரிபார்க்கிறது. விளக்கத்தில் வரும் உள்ளீட்டுப் பெயர்கள் தொடரியல் மரத்தில் உள்ளவையா என்பதும் அப்படியே. எடுத்துக்காட்டுகள் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்க்கிறோம். பைதான் மொழியில் 2001 முதலே டாக்டெஸ்ட் என்னும் கருவி இதற்கென உள்ளது. விளக்கத்தில் எழுதிய எடுத்துக்காட்டை அப்படியே இயக்கி, எழுதிய விடை வருகிறதா என்று பார்க்கும் அது, ஆவணத்தையும் நிரலைப் போல உடையக்கூடியதாக ஆக்குகிறது. எங்கள் வேலைக்கு மிகப் பயன்பட்டது இந்த ஒன்றே. செயற்கூறுகளின் பெயர்களிலும் கவனம் தேவை. வரித்தொகையைக் கணக்கிடுவதாகப் பெயர் சொல்லும் செயற்கூறு உண்மையில் தள்ளுபடியைக் கணக்கிட்டாலும், மாதிரி பெயரை நம்பி எழுதிவிடக்கூடும்.

மொழிக் கலப்பு இங்கே தனிச் சிக்கல். பேச்சு கிரியோலில், மின்னஞ்சல் பிரெஞ்சில், ஆவணம் ஆங்கிலத்தில் என்பது மொரீசியஸ் அலுவலகங்களின் நடைமுறை. கிரியோல் பள்ளிகளில் நுழைந்தது 2012-இல்தான். அதற்கு முன் எழுதிய குறிப்புகளில் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். பிரெஞ்சுக் குறிப்புகளை மாதிரிகள் நன்றாகவே படிக்கின்றன. கிரியோலைப் பிரெஞ்சின் பிழையான வடிவமாகக் கொண்டு சில இடங்களில் தவறாகப் பொருள் செய்கின்றன. ஆகவே அக்குறிப்புகளை மட்டும் நாங்களே மொழிபெயர்த்துக் கொடுக்கிறோம். ஊழியர்களின் பெயரும் சம்பளமும் கலந்த சோதனைத் தரவுகள் வெளியூர்ச் சர்வர்களுக்குப் போகக் கூடாது என்பதால், 2017-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மனத்தில் கொண்டு அவற்றை முன்கூட்டியே நீக்கிவிடுகிறோம்.

திருத்திய முறையில் மறுபடி ஓட்டியபோது, அந்த ஐந்து வரிகளுக்கு மாதிரி இப்படி எழுதியது: "இந்த நாள் எல்லைக்கான காரணம் களஞ்சியத்தில் இல்லை. எழுதியவரைக் கேட்கவும்." தோந்தோன் சொன்னதை மூன்று வரிகளில் அதன் கீழே சேர்த்தோம். 2008 டிசம்பரில் ஒரு நாளையும் 2009 டிசம்பரில் ஒரு நாளையும் கொடுத்து விடையைச் சரிபார்க்கும் எடுத்துக்காட்டுகளையும் எழுதினோம். "பா தூஸ் சா" என்னும் குறிப்பை மட்டும், அவர் எழுதிய எழுத்துக்கூட்டலிலேயே, மேலே விட்டுவைத்திருக்கிறோம்.