கேம் ஓடினால் அல்ஜீப்ரா வந்துவிடாது

பெங்களூரில் கணக்கு ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. போன வாரம் அல்சூர் பக்கம் ஒரு பள்ளியில் மறுபடியும் அதே கூத்து. பிள்ளைகளே கம்ப்யூட்டர் கேம் எழுதிக் கணக்குக் கற்கும் 'கேம் வழியாக அல்ஜீப்ரா' வகுப்பு. போர்டில் ப்ரோகிராம் வரி ஒன்று: எக்ஸ் = எக்ஸ் + 10. ஏழாவது படிக்கிற பையன் எழுந்து தமிழிலேயே கேட்டான்: "மிஸ், ரெண்டு பக்கமும் எக்ஸை எடுத்துட்டா பூஜ்யமும் பத்தும் சமம்னு வருதே?" "கம்ப்யூட்டர்ல அப்படித்தான், உட்காரு." அன்றைக்கு அந்த வகுப்பில் கணக்கு போட்டது அவன் ஒருவன்தான்!

எத்தனை முறை சொல்வது? பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் அந்த '=' குறி, பழைய மதிப்பை அழித்துப் புதியதை வை என்கிற உத்தரவு. கட்டங்களை அடுக்கிப் பிள்ளைகள் ப்ரோகிராம் எழுதும் ஸ்க்ராட்சில் எக்ஸைப் பத்துப் பத்தாகக் கூட்டும் கட்டமும் அதே வேலையைத்தான் செய்கிறது. அல்ஜீப்ராவில் சமம் என்றால் சமம். ஒரு கணக்கு முடியும்வரை எக்ஸ் ஆள் மாறாது. சமன்பாட்டையே இப்போதுதான் பழகும் பிள்ளையிடம் இரண்டையும் ஒரே குறியில் கொடுத்தால் குழம்பாமல் என்ன செய்யும்? ஸ்க்ராட்ச் மேல் எனக்குக் கோபமில்லை, கதை சொல்ல அருமையான கருவி.

அமெரிக்காவில் இமானுவேல் ஷான்சர் தொடங்கிய பூட்ஸ்ட்ராப் என்கிற, கேம் எழுதி அல்ஜீப்ரா கற்கும் பாடத்திட்டம், பழைய மதிப்பை அழிக்காமலே எழுத வசதியான ராக்கெட் (Racket), பைரெட் (Pyret) மாதிரி கம்ப்யூட்டர் மொழிகளைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான். 640 புள்ளி அகலத் திரையில் வலது ஓரத்திலிருந்து வில்லன் வருகிறான். அவன் நிற்கும் இடம் எக்ஸ் என்றால் அடுத்த இடம் எஃப்(எக்ஸ்) = எக்ஸ் − 50. 640 கொடுத்தால் 590, அதைத் திரும்பக் கொடுத்தால் 540. எதுவும் அழியவில்லை. என்.சி.இ.ஆர்.டி. பாடநூலில் 11ஆம் வகுப்பில் முறையாக வரும் ஃபங்ஷன் (சார்பு), இங்கே ஏழாவது பிள்ளை கையில். வில்லன் ஹீரோவை இடித்தானா என்று பார்க்க, இருவருக்கும் நடுவிலுள்ள தூரத்தைக் கணக்கிடப் பித்தாகரஸ் தேற்றம்.

கணக்கு டீச்சர்களே, இதைக் கம்ப்யூட்டர் சார் தலையில் கட்டாதீர்கள். லேபுக்கு முன்னால் நோட்டு. ஃபங்ஷனுக்கு என்ன பெயர், உள்ளே என்ன போகிறது, வெளியே என்ன வருகிறது என்று எழுதட்டும். அப்புறம் வெறும் எண்ணில் இரண்டு உதாரணம்: 640 − 50, 300 − 50. இரண்டிலும் மாறுகிற எண்ணை வட்டம் போடச் சொல்லுங்கள். அந்த வட்டத்துக்குள்தான் எக்ஸ் வர வேண்டும். (கரண்ட் போனாலும் இதுவரை பாடம் நடக்கும்.) கேமை நீங்களே ஒருமுறை முழுசாகச் செய்யாமல் வகுப்புக்குள் போகாதீர்கள்.

பிரின்சிபால்களே, அரைநாள் பயிற்சி போதுமா என்று தயவுசெய்து கேட்காதீர்கள். ஆண்டு விழாவில் கேமை ஓட்டிக் காட்டுங்கள், சரி. மார்க் போடும்போது அந்த நோட்டைப் பார்த்துப் போடச் சொல்லுங்கள்.