போர் நடக்கற துறைமுகத்துல கப்பல் மாட்டிக்கிச்சுன்னா சம்பளம் யாரு தருவா?

நடுநிலை நாட்டுக் கொடிதானே, யாரும் தொட மாட்டாங்கன்னு நம்பித்தான் நம்ம பசங்க கப்பல் வேலைக்கு ஏறுறாங்க. 2022 ஜூன்ல உக்ரைனோட மரியுபோல் துறைமுகத்துல, லைபீரியா கொடி போட்ட ஸ்மார்ட்டா, பனாமா கொடி போட்ட ப்ளூ ஸ்டார் 1-ன்னு ரெண்டு கப்பலையும், ஊரைப் பிடிச்ச ரஷ்யா ஆதரவுப் பிரிவினைக்காரங்க ஒரு லெட்டரைப் போட்டு எங்க சொத்துன்னு எடுத்துக்கிட்டாங்க. கொடிக்கு அவ்ளோதான் மரியாதை. நடுநிலைக் கப்பலை எடுத்தா நஷ்டஈடு தரணும்னு பழைய போர்ச்சட்டம் இருக்கு, ஆனா அந்தக் காசு ஓனருக்கு. போர் இன்சூரன்ஸ்ல கப்பலுக்குன்னு வர்றதும் ஓனருக்குத்தான்.

கப்பல்காரங்களுக்குன்னு இருக்கறது கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம், அதான் எம்எல்சி 2006. அதுல பிடிச்சு வச்சிருந்தாலும் சம்பளம் ஓடும்னு 2018 திருத்தம் ஒண்ணு இருக்கு, வாட்ஸ்அப்ல எல்லாரும் அதைத்தான் அனுப்புறாங்க, ஆனா படிச்சுப் பாருங்க, கடற்கொள்ளைக்கும் ஆயுதக் கொள்ளைக்கும் மட்டும்தான். யூனிஃபார்ம் போட்டவன் பிடிச்சா அது கொள்ளை கணக்குல வராதாம்!

அதனால அதே ஒப்பந்தப்படி ஓனர் எடுத்து வச்சிருக்க வேண்டிய இன்சூரன்ஸ்ல, ஓனரால 'கைவிடப்பட்டவர்'னு சொல்லிப் பணம் கேளுங்க. ஊருக்கு அனுப்பற செலவை ஓனர் தரலையா, சாப்பாடு தண்ணி டீசல் இல்லாம விட்டாரா, ரெண்டு மாச சம்பளம்கூட போடாம கைகழுவிட்டாரா, இதுல ஏதாவது ஒண்ணு இருந்தா போதும். மூணும் இருக்கணும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஒரு பையனுக்காக நான் அலைஞ்சப்ப ஏஜென்ட் ஓனரைக் கேளுங்கன்னான், இன்சூரன்ஸ்காரங்க ஓனர்கிட்ட லெட்டர் வாங்கிட்டு வாங்கன்னாங்க. ஓனர் விட்டுட்டு ஓடினதுக்குத்தானேய்யா வந்திருக்கோம்? அப்படி லெட்டர் எல்லாம் சட்டத்துல கிடையாது, நேரடியா கேட்கலாம். கப்பல்ல இருக்கறவரோ அவர் நியமிச்ச ஆளோ கேட்கணும், இங்கதான் வீட்டுக்காரங்க மாட்டிக்கறாங்க, மனைவியா இருந்தா மட்டும் போதாதுன்னு திருப்பி அனுப்பிடறாங்க. அதனால சிக்னல் இருக்கும்போதே என் சார்பா இன்னார் கேட்பாங்கன்னு கையெழுத்துப் போட்டு போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிடுங்க.

இன்னொண்ணு, இன்சூரன்ஸ் தர்ற பாக்கி சம்பளம் நாலு மாசத்துக்குத்தான். ஓனர் நடுவுல நூறு டாலர் இருநூறு டாலர்னு போட்டு, பாருங்க கைவிடலையேன்னு இழுப்பாரு, அதை நம்பி எட்டு மாசம் உக்காந்தா மிச்சம் நாலு மாசத்துக்கு ஓனர் பின்னாடியே கோர்ட்டுக்கு அலையணும். ரெண்டாவது மாசம் முடிஞ்ச அன்னிக்கே ஐடிஎஃப்-க்கு, அதான் சர்வதேச போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்துக்கு எழுதுங்க.

கப்பல் உள்சுவத்துல கண்ணாடி போட்டு ஒரு சர்டிபிகேட் மாட்டியிருக்கும், இன்சூரன்ஸ் கம்பெனி பேரு, போன் நம்பர், முடியற தேதி எல்லாம் அதுலதான் இருக்கு. ஏறின அன்னிக்கே ஒரு போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிருங்க, சிப்பாய் ஏறினா முதல்ல வாங்கி வச்சுக்கறது உங்க போனைத்தான்.