நியர் மிஸ்: தமிழில் எட்டாப் பிழை

தவறான மருந்து சிரிஞ்சில் ஏறிவிட்டது. ஊசி போடுமுன் நோயாளியின் கைப்பட்டையைச் சரிபார்த்த செவிலியர் நிறுத்திவிடுகிறார். இப்படி நோயாளியை எட்டுமுன் நின்றுபோன பிழைதான் 'நியர் மிஸ்'. ஊசி போட்டும் ஒன்றும் ஆகவில்லை என்றால் அது வேறு வகை: தீங்கில்லா நிகழ்வு. உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வகைப்பாடு இரண்டையும் பிரித்தே வைக்கிறது; வார்டுப் பதிவேடுகளில்தான் கலந்துவிடுகின்றன. மகப்பேற்றுப் பிரிவில் இதே சொல்லுக்கு இன்னொரு பொருள் உண்டு: சாவின் விளிம்புவரை போய்ப் பிழைத்த தாய். எந்தப் பொருளில் கணக்கெடுக்கிறோம் என்பதைப் படிவத்தின் தலைப்பிலேயே எழுதிவிட வேண்டும்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், இலக்கின்மேல் விழாமல் பக்கத்தில் விழுந்த குண்டை 'நியர் மிஸ்' என்று சொன்னார்கள். பிறகு விமானத் துறை எடுத்துக்கொண்டது. அமெரிக்காவில் விமானிகள் இத்தகைய நிகழ்வுகளைத் தாமாக முன்வந்து தெரிவிக்கும் ஏற்பாடு 1976-இல் தொடங்கியது. மருத்துவமனைகள் பின்பற்றியது அந்த வழியைத்தான்.

இந்தச் சொல்லைத் தமிழில் 'கிட்டத்தட்டத் தவறியது' என்று பெயர்த்தால் பொருள் தலைகீழாகிவிடும். தவறவில்லை, பட்டுவிட்டது என்றாகும். பேச்சுவழக்கில் 'நூலிழைத் தப்பு' அழகாகவே இருக்கிறது. குறி தப்பியது, உயிர் தப்பியது, தப்பு செய்தது என மூன்றுக்கும் தமிழில் ஒரே சொல் உதவுகிறது. சிக்கலும் அதில்தான். வார்டில் 'தப்பு' என்று காதில் விழுந்ததும் அடுத்த கேள்வி 'யார் செஞ்சது?' என்றுதான் வரும். அதன்பின் யாரும் எழுதித் தரமாட்டார்கள். 'தடுத்த பிழை' என்றால் யாரும் தடுக்காமலே தற்செயலாக நின்றவை விடுபடும். வரையறைக்குப் பொருந்துவது 'எட்டாப் பிழை'. (தட்டச்சில் 'எட்டாம் பிழை' ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.)

எட்டாப் பிழையின் பதிவு, அது நிகழ்ந்த ஷிஃப்ட் முடிவதற்குள், அரைப்பக்கத்துக்குள் முடிய வேண்டும்: நேரம், இடம், என்ன நடக்கவிருந்தது, எதனால் நின்றது. செய்தவர் பெயர் வேண்டாம். நான்காவது கேள்வியைத்தான் பலரும் வெற்றாக விடுகிறார்கள். பயன் முழுவதும் அதில் இருக்கிறது.

செறிந்த பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூலை (ஊசிமருந்து அடைத்த சிறு குப்பி) எடுத்துக்கொள்வோம். செறிவைக் குறைக்காமல் ரத்தக்குழாயில் செலுத்தினால் இதயமே நின்றுவிடும். மருந்து கரைக்கும் நீரின் ஆம்பியூலும் பார்வைக்கு அதைப்போல இருந்து, இரண்டும் ஒரே தட்டில் கிடந்தால் இரவு ஷிஃப்டில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் கை எடுத்துவிடும். 'லேபிளை இரண்டாம் முறை படித்ததால் நின்றது' என்று மூன்று வார்டுகளிலிருந்து பதிவு வந்தால், 'கவனமாக இருங்கள்' என்று சுற்றறிக்கை விட்டுப் பயனில்லை. பொட்டாசியம் குளோரைடை வார்டு இருப்பிலிருந்து நீக்கி மருந்தகத்தில் வைக்க வேண்டும். கொள்முதலில் தோற்றம் வேறுபட்ட ஆம்பியூலைக் கேட்க வேண்டும். இவை வார்டுப் பொறுப்பாளரின் கையில் இல்லை, ஆண்டுத் திட்டக் கூட்டத்தில் முடிவாகிறவை. எனவே அந்தக் கூட்டத்தில் வார்டுச் செவிலியர் ஒருவர் பதிவுத் தொகுப்போடு உட்கார வேண்டும். கண்காணிப்பாளர் வழியாகச் சுருக்கம் மட்டும் போனால் தட்டும் ஆம்பியூலும் காணாமல் போய் எண்ணிக்கைதான் மிஞ்சும்.

அந்த எண்ணிக்கையை வார்டுக்கு மதிப்பெண் போடப் பயன்படுத்துவதுதான் வழக்கமாக நடக்கும் கேடு. பதிவு கூடிய வார்டு மோசமான வார்டு என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அடுத்த மாதப் படிவங்கள் வெறுமையாகவே திரும்பி வரும்.