நாலு மாதம் முதல் எட்டு மாதம் வரை

ஏழு மாதச் சினையில் கன்று வீசிய மாட்டைப் பார்க்கப் போனால், வீட்டில் காரணம் தயாராக இருக்கும். வழுக்கி விழுந்தது, பக்கத்து மாடு முட்டியது, கண்ணு பட்டது. ஒருமுறை நான் போய்ச் சேர்வதற்குள் வீட்டுக்கார அம்மா நஞ்சுக்கொடியை வெறுங்கையால் அள்ளிக் குழியில் போட்டுவிட்டார். மாட்டின் இரத்தத்தைச் சோதித்ததில் புருசெல்லோசிஸ், அதாவது கன்று வீச்சு நோய். மனிதருக்கும் தொற்றும் என்பதால் அந்த அம்மாவையும் பரிசோதனைக்கு அனுப்பினேன்.

இதற்கு நாம் போடும் எஸ்19 தடுப்பூசி தற்செயலாகக் கிடைத்தது. 1923ல் அமெரிக்காவில் ஜான் பக் என்பவர் ஜெர்சி மாட்டின் பாலிலிருந்து பிரித்தெடுத்த கிருமி, ஆய்வகத்தில் ஓராண்டுக்கு மேல் அப்படியே கிடந்து வீரியம் இழந்திருந்தது. ஏன் என்பதற்கு ஒரு துப்பு, பல பத்தாண்டுகள் கழித்து மரபணுவைப் படித்தபோதுதான் கிடைத்தது. சினைப் பசுவின் கருப்பையில் எரித்ரிட்டால் என்ற சர்க்கரைப் பொருள் நிறைய இருக்கும். நோய்க்கிருமிக்கு அது விருந்து. எஸ்19க்கோ அதைச் செரிக்கும் மரபணுவிலேயே சுமார் 700 எழுத்துகள் விட்டுப்போயிருந்தன.

ஆனாலும் அது உயிருள்ள கிருமிதான். சினை மாட்டுக்குப் போட்டால் கன்று வீச வைக்கலாம், காளைக்கன்றுக்குப் போட்டால் விதை வீங்கலாம். அதனால்தான் 4 முதல் 8 மாத கிடேரிக் கன்றுக்கு மட்டும், வாழ்நாளில் ஒரே ஒரு முறை. "ஒரு வயசுக் கிடேரி டாக்டர், சேத்துப் போட்டு விடுங்க" என்பவர்களிடம் மறுத்துக் கெட்ட பேர் வாங்கியிருக்கிறேன்.

மறுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இக்கிருமியின் மேலுறையில் நீளமான சர்க்கரைச் சங்கிலி ஒன்று இருக்கிறது. இந்நோயைக் கண்டறியும் ரோஸ் பெங்கால் என்ற இரத்தச் சோதனை பிடிப்பது அதற்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை. எஸ்19லும் அதே சங்கிலிதான். இளங்கன்றில் அந்த எதிர்ப்பொருள் சீக்கிரம் குறைந்துவிடும். வயது கூடிய பின் போட்டால் வெகுநாள் தங்கும். அப்புறம் சோதித்தால் நோயா, ஊசியா என்று சொல்ல முடியாது. நல்ல மாடு நோய் மாடு என்று பேர் வாங்கும்.

உயிரித் தொழில்நுட்பம் கை வைத்தது இந்த இடத்தில்தான். இசத்நகரில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம், அந்தச் சங்கிலியைக் கட்டத் தேவையான 'பெர்' மரபணுவை எஸ்19லிருந்து நீக்கிப் புதிய ரகத்தை உருவாக்கியிருக்கிறது. ஊசி போட்ட மாட்டையும் நோய் வந்த மாட்டையும் பிரித்தறிவது நோக்கம். அமெரிக்கா 1996லேயே ஆர்பி51 என்ற, சங்கிலி இல்லாத ரகத்துக்கு மாறிவிட்டது. ஆனால் ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது அசையாது. மனிதருக்கு வரும் புருசெல்லோசிஸுக்குக் கொடுக்கும் முக்கிய மருந்துகளில் ஒன்று இந்த ரிஃபாம்பிசின்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒருமுறை கன்று துள்ளியதில் எங்கள் உதவியாளர் கையில் ஊசி ஏறிவிட்டது. மருத்துவமனையில் டாக்டர் முதலில் கேட்டது, "எந்த ரகம்?" நல்லவேளை, குப்பியைக் கையோடு எடுத்துப் போயிருந்தோம்.