பெரிய காயிலா, சின்ன காயிலா? பெங்களூரில் மெட்டல் டிடெக்டர் வாங்குமுன்

மெட்டல் டிடெக்டர் வாங்க வருபவர்கள் முதலில் கேட்பது "எத்தனை அடி ஆழம் போகும்?" என்றுதான். தண்டின் நுனியில் மண்ணைத் துழாவும் வட்டத் தட்டுதான் காயில்; பதினைந்து இன்ச் காயிலைக் காட்டினால் முகம் மலரும். ஆறு இன்ச் காயிலை விளையாட்டுச் சாமான் மாதிரி ஓரமாகத் தள்ளிவிடுவார்கள். ஆனால் பெங்களூரில் இந்தக் கருவிக்கு உண்மையில் என்ன வேலை வருகிறது? அபார்ட்மென்ட் புல்தரையில் கழன்று விழுந்த மோதிரம், பூந்தொட்டி மண்ணோடு போன மூக்குத்தி, விளையாட்டு மைதானத்தில் அறுந்த தாலிச் செயின். எல்லாமே நேற்றோ போன வாரமோ விழுந்தவை. மேல்மண்ணில் ஐந்து செ.மீ.க்குள் கிடப்பவை. இவற்றைத் தேடப் பெரிய காயிலை மாட்டுவது வேலையைக் கெடுத்துக்கொள்வதுதான்.

ஏன் என்பதைக் கொஞ்சம் கணக்கோடு பார்த்துவிடலாம். காயிலுக்குள் இரண்டு சுற்று உண்டு. ஒன்று மாறு மின்னோட்டத்தால் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்பும். அந்தப் புலம் உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டும்; அது கிளப்பும் சிறு புலத்தை இன்னொரு சுற்று வாங்கும். ஓரளவு தூரத்துக்குமேல், காயிலிலிருந்து போகும் புலம் தூரத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் குறைகிறது, திரும்பி வருவதும் அப்படியே குறைகிறது. இரண்டையும் பெருக்கினால் ஆறாம் அடுக்கு. அதாவது ஆழம் இரட்டித்தால் சிக்னல் 64 மடங்கு சரியும். "சென்சிட்டிவிட்டியை, அதாவது கருவியின் உணர்திறனைக் கூட்டினால் இன்னும் ஒரு அடி போகும்" என்று யாராவது சொன்னால் இந்த 64-ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.

காயிலின் அளவு இதில் எங்கே வருகிறது என்றால், ஒவ்வொரு காயிலுக்கும் அது நன்றாகப் பார்க்கும் ஆழம் ஒன்று இருக்கிறது. ஒரே மின்னோட்டம், ஒரே சுற்று எண்ணிக்கை என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஓர் ஆழத்தில் மிக வலுவான புலத்தைத் தருவது அந்த ஆழத்தைப்போல் சுமார் 2.8 மடங்கு விட்டமுள்ள வட்டம். 6 இன்ச் காயிலுக்கு அது ஐந்து செ.மீ. சொச்சம். 11 இன்ச் காயிலுக்குப் பத்து செ.மீ. அதே கணக்கில் 2 செ.மீ. ஆழத்தில் கிடக்கும் சின்னப் பொருளிலிருந்து 6 இன்ச் காயில் வாங்கும் சிக்னல், 11 இன்ச் காயில் வாங்குவதைப்போல் மூன்று மடங்கு. 20 செ.மீ. ஆழத்தில் நிலைமை திரும்பி, 11 இன்ச் காயில் ஐந்து மடங்குக்குமேல் முந்தும். நிஜக் காயில்களில் சுற்று எண்ணிக்கை மாறுவதால் இந்த எண்கள் அப்படியே வராது, போக்கு மாறாது.

இது காகிதக் கணக்கு. மண்ணில் இறங்கினால் பெரிய காயிலுக்கு இன்னும் இரண்டு எதிரிகள் முளைக்கின்றன.

முதலாவது மண்ணே. பெங்களூரைச் சுற்றியுள்ள செம்மண்ணில் இரும்பு ஆக்சைடு அதிகம். காயில் எவ்வளவு பெரிதோ அவ்வளவு மண்ணை ஒரே நேரத்தில் பார்க்கும். அந்த மண் மொத்தமும் திருப்பி அனுப்பும் சிக்னலுக்குள் ஒரு கம்மல் திருகாணியின் சிக்னல் கரைந்துபோகும். உங்கள் இடத்து மண் எப்படி என்று அறிய ஒரு காந்தத்தை பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் காய்ந்த மண்ணில் இழுத்துப் பாருங்கள். பை முழுக்கக் கருந்தூள் அப்பிக்கொண்டால் அது டிடெக்டருக்குக் கடினமான மண். அங்கே காயிலைச் சின்னதாக்குவதும், இரண்டு 'டி' எழுத்து முதுகோடு முதுகு ஒட்டியதுபோன்ற டபுள்-டி வடிவக் காயிலைப் பிடிப்பதும் நல்லது. வட்டத்துக்குள் வட்டமான கான்சென்ட்ரிக் காயில் சுத்தமான தோட்டமண்ணில் அருமையாக வேலை செய்யும், இடத்தைத் துல்லியமாகவும் காட்டும், செம்மண்ணில் தடுமாறும்.

இரண்டாவது எதிரி குப்பை. இந்த ஊரில் இது மண்ணைவிடப் பெரிய தொல்லை. புதிதாகக் கட்டிய எந்தக் கட்டடத்தைச் சுற்றியும் சென்ட்ரிங் ஆணியும் கட்டுக்கம்பித் துண்டும் சிதறிக் கிடக்கும். அதன்மேல் நாலு இன்ச் செம்மண் பரப்பி, புல்லை ஒட்டிவிட்டிருப்பார்கள். மேலே கொரியன் புல், கீழே இரும்புக்கடை. பூங்கா என்றால் சோடா மூடி, பீர் மூடி, மாத்திரை அட்டையின் அலுமினியத் தாள். பெரிய காயில் ஒரே நேரத்தில் மூன்று ஆணியையும் ஒரு மோதிரத்தையும் பார்த்தால், மூன்று ஆணி என்றுதான் சொல்லும். டிஸ்கிரிமினேஷனில், அதாவது வேண்டாத உலோகத்துக்குச் சத்தம் போடாமல் இருக்கச் சொல்லும் அமைப்பில், இரும்பை ஒதுக்கியிருந்தால் அதையும் சொல்லாது. மோதிரத்தைக் கடந்து மௌனமாகப் போய்விடும். சின்ன காயிலுக்கு ஆணியை விட்டு விலகி, மோதிரத்தை மட்டும் தனியாகப் பார்க்கும் இடம் ஒன்று பெரும்பாலும் கிடைக்கும். ஒரே இடத்தைக் கிழக்கு மேற்காக ஒருமுறை, வடக்கு தெற்காக ஒருமுறை ஓட்டச் சொல்வது இதற்காகத்தான்.

அலுமினியத் தாளை மட்டும் ஒதுக்கிவைக்க ஆசைப்படாதீர்கள். உலோகம் எது என்று ஊகிக்கக் கருவி திரையில் ஓர் எண்ணைக் காட்டும்; சின்னத் தங்க நகையும் அலுமினியத் தாளும் ஏறக்குறைய ஒரே எண்ணில் விழும். தங்கம் தேடுகிறவர் மாத்திரை அட்டையைத் தோண்டித்தான் ஆகவேண்டும்.

"பெரிய காயில் என்றால் சீக்கிரம் முடியுமே?" நியாயமான கேள்வி. நம் ஊர் 30-க்கு 40 அடி சைட்டையே எடுத்துக்கொள்வோம். நாலு அடி அகலப் பட்டைகளாகப் பிரித்தால் எட்டுப் பட்டை. பட்டையின் குறுக்கே காயிலை ஒருமுறை ஓட்டுவது ஒரு வீச்சு; ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியை மூட வேண்டும் என்பது விதி. 6 இன்ச் காயிலில் ஒவ்வொரு முறையும் 7.5 செ.மீ. முன்னேறினால் மொத்தம் சுமார் 1300 வீச்சு. வீச்சுக்கு இரண்டு விநாடி என்றால் 43 நிமிடம். 11 இன்ச் காயிலில் 14 செ.மீ. முன்னேறலாம்: 700 வீச்சு, 23 நிமிடம். மிச்சம் இருபது நிமிடம். ஒரு போலி சிக்னலைத் தோண்டிப் பார்த்து மூட இரண்டு மூன்று நிமிடம் ஆகும். ஏழெட்டு ஆணியைக் கூடுதலாகத் தோண்டினாலே அந்த மிச்சம் காலி.

சுவர் ஓரத்தையும் கணக்கில் சேருங்கள். காம்பவுண்டு கிரில், பார்க்கிங் ஷட்டர், சன்ஷேடுக்குள் இருக்கும் முறுக்குக் கம்பி எல்லாமே காயிலின் கண்ணில் படும். பெரிய காயில் இவற்றிலிருந்து நன்றாகத் தள்ளி நிற்கும்போதே கத்தத் தொடங்கும். ஆறு இன்ச் காயில் ஒரு முழம் வரைகூட நெருங்கும். செடி நட்ட பாத்திக்குள் நுழைவதும் அதனால்தான் முடியும். மின்சார இரைச்சலையும் பெரிய காயில்தான் அதிகம் வாங்கும். டிரான்ஸ்ஃபார்மர், தலைக்குமேல் ஓடும் லைன், லிஃப்ட் மோட்டார், ஏன், உங்கள் சட்டைப்பையில் இருக்கும் மொபைலே போதும். காயில் அசையாமல் இருக்கும்போதே கருவி படபடவென்று ஒலித்தால் மொபைலை விமானப் பயன்முறையில் போடுங்கள், கருவியில் அலைவரிசை மாற்றும் வசதி இருந்தால் மாற்றுங்கள். சென்சிட்டிவிட்டியைக் குறைப்பது அதற்கு அப்புறம்.

பெரிய காயில் வீண் என்று சொல்லவில்லை. மண்மூடிப்போன போர்வெல்லின் இரும்புக் கேசிங், தார்ச்சாலைக்கு அடியில் மறைந்த வால்வு சேம்பர் மூடி, மேன்ஹோலின் வார்ப்பிரும்புச் சட்டம் — இவை உள்ளங்கையைவிடப் பெரியவை, அரை மீட்டர் கீழேகூட இருக்கலாம். இங்கே 13, 15 இன்ச்தான் சரி. டிஸ்கிரிமினேஷனை முழுக்க அணைத்துவிட வேண்டும், ஏனென்றால் தேடுவதே இரும்பு. கேசிங் பி.வி.சி. என்றால் எந்தக் காயிலும் காட்டாது. மேலே இரும்புத் தகடு வைத்து மூடியிருந்தால் அது காட்டிக்கொடுக்கும். கனத்தையும் மறக்காதீர்கள்: காயில் தண்டின் நுனியில் தொங்குவதால் நூறு கிராம் கூடினாலும் தோள்பட்டை சொல்லும்.

ஒரு வகை நகைக்கு எந்தக் காயிலுமே தடுமாறும்: மெல்லிய செயின். டிடெக்டர் செயினை ஒரே பொருளாகப் பார்ப்பதில்லை. தனித்தனிக் கண்ணிகளாகப் பார்க்கிறது. இரண்டு கிராம் மோதிரம் மூடிய வளையம் என்பதால் கணீரென்று கேட்கும்; எட்டு கிராம் செயின் முனகும். தாலிச் செயின் தொலைந்தால் செயினைத் தேடாதீர்கள், தாலியையும் குண்டையும் கொக்கியையும் தேடுங்கள். சின்ன காயில், மண்ணை உரசாமல் ஒரு செ.மீ. உயரம், 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைவரிசை, மெதுவான வீச்சு. வீச்சின் முனையில் கையைத் தூக்கிவிடும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. அங்கே ஐந்து செ.மீ. காற்றுக்குப் போய்விடும்.

கே.ஜி.எஃப். எனும் கோலார் தங்கவயல் பக்கமிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பங்கள் நம்மில் ஏராளம். "சயனைடு மண்மேட்டில் பெரிய காயில் போட்டால் தங்கம் காட்டுமா?" என்ற கேள்வி அதனால் வந்துகொண்டே இருக்கும். காட்டாது. கோலார் தங்கம் குவார்ட்ஸ் பாறை நரம்புகளில் பொடியாகப் பரவிக் கிடந்தது; அதை அரைத்துச் சயனைடு கரைசலில் பிரித்தார்கள், மிஞ்சிய மாவுதான் அந்த மேடு. சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. மாவில் எஞ்சிய தங்கத்துகளுக்குச் சுழல் மின்னோட்டம் ஓடும் அளவு உடம்பு கிடையாது. காயிலே இல்லாமல், இரண்டு ஆன்டெனா கம்பியை நீட்டி "இருநூறு மீட்டர் தொலைவிலேயே புதையல் காட்டும்" என்று விற்கும் கருவிகள் வேறு இருக்கின்றன. இதே மாதிரி ஆன்டெனா வைத்த வெற்றுப் பெட்டியை வெடிகுண்டு கண்டுபிடிக்கும் கருவி என்று ஈராக்குக்கு விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக், பிரிட்டனில் 2013-இல் பத்தாண்டு சிறைத்தண்டனை பெற்றார். புதையல் கம்பியும் அதே ரகம்தான்.

புதையல் நோக்கத்தோடு இறங்குவது சட்டப்படியும் சிக்கல். பெங்களூர்க் கோட்டை, திப்பு சுல்தான் கோடை அரண்மனை போன்ற பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் தோண்டுவது 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மண்ணுக்குள் புதையல் கிடைத்தால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். நூறாண்டு தாண்டிய தொல்பொருளை இஷ்டத்துக்கு விற்கவோ வெளிநாட்டுக்கு அனுப்பவோ முடியாது. கப்பன் பார்க், லால்பாக் புல்தரையில் மோதிரம் விழுந்தால்கூட தோட்டக்கலைத் துறையிடம் கேட்டுவிட்டுத்தான் மண்ணைத் தொட வேண்டும்.

காயிலைத் தனியாக வாங்கும்போது அது உங்கள் கருவியின் மாடலுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். பிளக் நுழைகிறது என்பதற்காக வேறு மாடலுக்கான காயிலை மாட்டினால் வேலை செய்யாமல் போகலாம், கருவி கெடவும் கூடும். உள்ளிருக்கும் சுற்றுகள் ஒன்றையொன்று சமன் செய்யும்படி நிறுத்தி, எபாக்ஸி ஊற்றி இறுக்கப்பட்டவை. ஓட்டை போடுவதும் திறப்பதும் வேண்டாம். தண்டில் கேபிளை இறுக்கமாகச் சுற்றுங்கள், தொளதொளவென்று ஆடினால் ஒவ்வொரு வீச்சுக்கும் போலிச் சத்தம் வரும். போல்ட் நைலான்தான், தொலைந்தால் எஸ்.பி. ரோட்டிலோ வேறெங்கோ இரும்பு போல்ட் வாங்கி மாட்டிவிடாதீர்கள். காயில் கவரை அவ்வப்போது கழற்றிக் கழுவுங்கள், உள்ளே சேரும் செம்மண்ணும் ஒரு சிக்னல்தான்.

கடையில் சோதிக்க ஒரு ரூபாய் நாணயத்தைப் பயன்படுத்த வேண்டாம். 1992 முதல் வரும் ஒரு ரூபாய் காந்தத்தில் ஒட்டும் துருப்பிடிக்காத எஃகு. கருவி அதை இரும்பு என்று ஒதுக்கக்கூடும், நீங்கள் காயிலைக் குறை சொல்வீர்கள். மஞ்சள் நிற ஐந்து ரூபாய் நாணயம், கையிலிருக்கும் மோதிரம், ஓர் இரண்டு இன்ச் ஆணி, இவை போதும். ஆணி அடிக்காத மரப்பலகையில் மோதிரத்தை வைத்து, எட்டு செ.மீ. தள்ளி ஆணியை வையுங்கள். இரும்பை ஒதுக்கும் அமைப்பில் ஆறு இன்ச், பதினொரு இன்ச் இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பாருங்கள். பிறகு ஆணியை ஒவ்வொரு செ.மீ.ஆக நெருக்கி, எந்தக் காயில் எந்த இடத்தில் மோதிரத்தைக் கைவிடுகிறது என்று குறித்துக்கொண்டு விலை பேசுங்கள்.