உடையாத அளவுக்கு மட்டும் பலம்: மார்ட்டின் கிட்டாரின் உள்ளே என்ன இருக்கிறது

நல்ல அக்கூஸ்டிக் கிட்டார் கையில் கிடைத்தால் எல்லோரும் பளபளப்பையும் பின்பலகையின் ரேகையையும் பார்ப்பார்கள். நான் முதலில் கம்பிகளைத் தளர்த்திவிட்டு சவுண்ட் ஹோலுக்குள், அதாவது மேல்பலகையில் இருக்கும் வட்டத் துளைக்குள், கையை விடுவேன். மேல்பலகையின் அடிப்பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே போனால் குறுக்கே மரச்சட்டங்கள் தட்டுப்படும். சில கிட்டார்களில் அந்தச் சட்டம் ஒரே சீராகச் சரிந்து போகும். வேறு சிலவற்றில் நடுவில் சட்டென்று பள்ளமாக இறங்கி, மறுபடி மேடாக ஏறி, ஓரத்தில் காகித அளவுக்கு மெலிந்து முடியும். மார்ட்டின் என்ற அமெரிக்கக் கிட்டார் கம்பெனி மீது கிட்டார்காரர்களுக்கு இருக்கும் மரியாதையில் பெரும்பங்கு அந்தப் பள்ளத்தில்தான் இருக்கிறது. அது ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கிட்டார் செய்பவருக்கு இருக்கும் சிக்கல் என்னவென்று முதலில் பார்ப்போம். சாதாரணமாகப் போடும் லைட் கேஜ் (மெல்லிய வகை) எஃகுக் கம்பிகள் ஆறையும் சுருதி சேர்த்துவிட்டால் மொத்த இழுவிசை 70 கிலோவைத் தாண்டும், அதைவிடக் கனமான மீடியம் கேஜ் என்றால் 80ஐயும் தாண்டும். அதாவது நன்கு வளர்ந்த ஒரு ஆள் அந்தக் கருவியைப் பிடித்து இரவும் பகலும் தொங்கிக்கொண்டிருப்பதற்குச் சமம், கிட்டார் உறைக்குள் தூங்கும்போதும் அவர் இறங்குவதில்லை. அதைத் தாங்கும் மேல்பலகையின் கனமோ சுமார் 3 மில்லிமீட்டர். கம்பிகள் பலகையோடு ஒட்டி இழுப்பதும் இல்லை, பிரிட்ஜின் (கம்பிகளின் ஒரு முனையைப் பலகையோடு பிணைக்கும் மரக்கட்டை) மேல் ஏறக்குறைய அரை அங்குல உயரத்தில் இருந்து இழுக்கின்றன, அதனால் பிரிட்ஜ் முன்பக்கமாகக் கவிழப் பார்க்கிறது. அதன் பின்னால் பலகை வயிறு தள்ளுகிறது, முன்னால் சவுண்ட் ஹோல் பக்கம் குழிகிறது.

அப்படியானால் பலகையைத் தடிமனாக வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே என்று தோன்றும். தீரும், ஆனால் சத்தமும் போய்விடும். கம்பி மெல்லியது, தன்னந்தனியாக அதிர்ந்தால் காற்றைக் கத்தி போல வெட்டிக்கொண்டு போகுமே தவிர தள்ளாது. கம்பியின் அதிர்வு பிரிட்ஜ் வழியாக மேல்பலகைக்குப் போய், அந்தப் பெரிய பரப்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் நம் காதுக்கு ஏதாவது வரும். கம்பியிடம் இருக்கும் சக்தியோ கொஞ்சம்தான், ஆகவே அசைய வேண்டிய பலகை எடை குறைவாக இருக்க வேண்டும். பெட்டிக்குள் அடைபட்ட காற்றும் இதில் சேர்ந்துகொள்ளும், பாட்டில் வாயில் ஊதினால் சத்தம் வருவது போல. பெரிய உடல் கொண்ட கிட்டாரில் அந்தக் காற்றின் சொந்த அதிர்வு சுமார் 100 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். தடித்த கம்பி ஒன்றை மீட்டிவிட்டு சவுண்ட் ஹோலை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள், அடிநாதம் வற்றிப் போவது உடனே தெரியும்.

ஆக, ஒரு பக்கம் 70 கிலோ இழுவையைப் பல ஆண்டுகள் தாங்க வேண்டும், மறுபக்கம் விரல் நுனி தட்டினால் சிலிர்க்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு துணிச்சலாக நிற்கிறார்கள் என்பதுதான் என் பார்வையில் ஒரு கிட்டாரின் கட்டுமானத் தரம். பூச்சு வழவழப்பு எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

சரி, மார்ட்டினுக்கு வருவோம். கிறிஸ்டியன் ஃபிரெடரிக் மார்ட்டின் 1796ல் ஜெர்மனியின் சாக்சனி பகுதியில், மார்க்நொய்கிர்ஷென் என்ற ஊரில் பிறந்தவர். வியன்னாவில் யோஹான் கியோர்க் ஸ்டாவுஃபர் என்ற புகழ்பெற்ற கிட்டார் தச்சரிடம் வேலை செய்தவர். சொந்த ஊரில் வயலின் செய்பவர்களின் சங்கம், மார்ட்டினைப் போன்ற மரச்சாமான் தச்சர்கள் கிட்டார் செய்யக்கூடாது என்று வழக்காடிக்கொண்டிருந்தது. 1833ல் அவர் நியூயார்க்குக்குக் கப்பலேறினார், சில ஆண்டுகளில் பென்சில்வேனியாவின் நாசரேத்துக்குக் குடிபெயர்ந்தார். கம்பெனி இன்றும் அதே ஊரில்தான் இருக்கிறது.

1840களில் அவருடைய கிட்டார்களுக்குள் ஒரு புது அமைப்பு வந்தது. இரண்டு நீண்ட சட்டங்கள் சவுண்ட் ஹோலுக்குக் கீழே எக்ஸ் எழுத்து போலக் குறுக்கிட்டு, அவற்றின் கால்கள் பிரிட்ஜின் இரு முனைகளுக்கும் அடியில் ஓடும். பிரிட்ஜ் கவிழப் பார்க்கும்போது அந்த முறுக்கை நேராக இந்த இரண்டு கால்கள் வாங்கிக்கொண்டு பலகை முழுக்கப் பரப்பிவிடும். அன்றைக்குக் கிட்டாரில் இருந்தது நரம்புக் கம்பி, இழுவிசை ஏறக்குறைய பாதிதான், அதற்கு இவ்வளவு ஏற்பாடு அவசியமே இல்லை. ஆனால் எண்பது ஆண்டுகள் கழித்து, 1920களில், அமெரிக்காவில் எல்லோரும் எஃகுக் கம்பி கேட்கத் தொடங்கியபோது, அதைத் தாங்கும் எலும்புக்கூடு மார்ட்டினிடம் ஏற்கெனவே தயாராக இருந்தது. சட்டங்களைக் கொஞ்சம் பலப்படுத்தினால் போதும் என்ற நிலை. இன்று உலகில் விற்கும் எஃகுக் கம்பி கிட்டார்களில் பெரும்பாலானவற்றுக்குள் இருப்பது அந்த எக்ஸ்தான்.

பெரிய உடலும் அந்த ஊரிலிருந்து வந்ததுதான். ட்ரெட்நாட் என்ற அகன்ற இடுப்பு கொண்ட வடிவத்தை 1916ல் ஆலிவர் டிட்சன் என்ற இசைக்கருவி விற்பனை நிறுவனத்துக்காகச் செய்து கொடுத்தார்கள். பெயர் 1906ல் வந்த பிரிட்டிஷ் போர்க்கப்பலுடையது. 1931ல்தான் அது மார்ட்டின் பெயரில் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்பே, 1929ல், பெர்ரி பெக்டெல் என்ற பான்ஜோ கலைஞர் கேட்டதற்காக உடலுக்கு வெளியே 14 ஃபிரெட் (விரல் வைக்கும் இடங்களைப் பிரிக்கும் உலோகப் பட்டைகள்) இருக்கும்படி நெக்கை, அதாவது கழுத்துத் தண்டை, அமைத்த ஓஎம் என்ற வகை வந்துவிட்டது, 1934 முதல் ட்ரெட்நாட்டும் 14 ஃபிரெட்டுக்கு மாறியது. டி-18, டி-28, டி-45 எல்லாம் இந்தக் குடும்பம்தான். 1930களில் செய்த இந்தக் கிட்டார்களைத்தான் இன்றைக்கும் மற்ற தச்சர்கள் அளவெடுத்து நகல் செய்கிறார்கள்.

அந்த நகல்காரர்கள் தேடுவது என் விரல் தேடும் அதே பள்ளத்தைத்தான். ஸ்காலப் என்பார்கள். ஒரு சட்டத்தின் விறைப்பு அதன் உயரத்தின் முப்படியை (உயரம் × உயரம் × உயரம்) பொறுத்தது, எடையோ உயரத்தை நேரடியாகப் பொறுத்தது. 16 மில்லிமீட்டர் உயரச் சட்டத்தை ஓரிடத்தில் 12க்குச் செதுக்கினால் அங்கே எடை கால்பங்குதான் குறையும், விறைப்போ பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஆகவே கண்ட இடத்தில் செதுக்க முடியாது. பிரிட்ஜுக்கு அருகே உயரத்தை விட்டுவைத்து, இடையில் பள்ளம் பறித்து, ஓரத்தில் மெலிய விட்டால் பலகையின் நடுப்பகுதி விறைப்பாகவும் விளிம்பு கீல் போட்ட கதவு போல இளக்கமாகவும் ஆகிவிடும். பலகை மொத்தமாக முன்னும் பின்னும் அசையும், அடிநாதம் திறந்துகொள்ளும். எக்ஸ் குறுக்கிடும் இடமும் முக்கியம். அந்தக் கால ட்ரெட்நாட்களில் அது சவுண்ட் ஹோலிலிருந்து ஒரு அங்குலத்தில்தான் இருந்தது, அதனால் பிரிட்ஜைச் சுற்றி அசைவதற்கு நிறைய இடம் கிடைத்தது. 1930களின் இறுதியில் அதைக் கொஞ்சம் பின்னால் தள்ளினார்கள்.

அப்புறம் 1944. வாசிப்பவர்கள் சத்தம் போதவில்லை என்று கனமான கம்பிகளைப் போட்டு, பலகைகள் வயிறு தள்ளிப் பழுதுக்குத் திரும்பி வந்தபடி இருந்தன. அந்த ஆண்டின் பிற்பகுதியில் ஸ்காலப் நின்றது, சட்டங்கள் நேராகச் சரியும் வடிவத்துக்கு மாறின. கம்பெனி பக்கமிருந்து பார்த்தால் இது தப்பே இல்லை, தன் பெயர் போட்டுப் போன பொருள் உடைந்து வரக்கூடாது என்று நினைப்பதும் தரம்தான். ஆனால் கேட்டவர்களின் காது வேறு கணக்குப் போட்டது.

இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயம், எனக்கு மிகவும் பிடித்தது. பழைய டி-28ஐ மேல்பலகையின் ஓரத்தில் மீன்முள் போல ஓடும் ஹெர்ரிங்போன் கோலத்தை வைத்து அடையாளம் காண்பார்கள். அந்தக் கோலம் ஒலிக்கு எதுவுமே செய்யாது, சும்மா அலங்காரம். ஜெர்மனியிலிருந்து வந்துகொண்டிருந்த அந்தச் சரக்கு போருக்குப் பின் தீர்ந்துபோக, 1947 வாக்கில் அதை விட்டுவிட்டார்கள். ஆக 1944 கடைசிக்கும் 1947க்கும் நடுவில் செய்தவற்றில் மீன்முள் இருக்கும், பள்ளம் இருக்காது. வெளியே பார்த்து நம்பினால் ஏமாற்றம்தான், கையை உள்ளே விட வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது இதனால்தான்.

1960களின் இறுதியில் இன்னொரு மாற்றம் வந்தது. பிரிட்ஜுக்கு நேர் கீழே, கம்பியின் முடிச்சுகள் வந்து உட்காரும் இடத்தில், பிரிட்ஜ் பிளேட் என்று ஒரு மெல்லிய மரத்துண்டு இருக்கும். முன்பு அது சின்ன மேப்பிள் துண்டு. அதைப் பெரிய ரோஸ்வுட் துண்டாக்கினார்கள். சில கிராம்தான் கூடுதல். ஆனால் அதிர்வு பலகைக்குள் நுழையும் வாசலிலேயே அந்தச் சில கிராம் உட்கார்ந்திருக்கிறது. 1970களின் மார்ட்டின்களைப் பற்றி மக்கள் சற்றுக் குறைவாகப் பேசுவதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். நன்றாக ஒலிக்கும் 70களின் டி-28கள் நிறைய இருக்கின்றன, மொத்தமாக ஒதுக்குவது அநியாயம். ஆனால் கம்பெனியே 1976ல் எச்டி-28 என்று ஒரு மாடல் கொண்டு வந்து, மீன்முள்ளையும் ஸ்காலப்பையும் சேர்த்தே திருப்பிக் கொடுத்தது.

பின்பலகை, பக்கப்பலகை மரம் பற்றித்தான் எல்லோரும் அதிகம் சண்டை போடுவார்கள். மார்ட்டின் 1969 வரை ரோஸ்வுட் மாடல்களுக்குப் பிரேசில் ரோஸ்வுட் போட்டது, அப்புறம் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. பிரேசில் மரத்துக்கு 1992 முதல் சர்வதேச வணிகத் தடையும் வந்துவிட்டதால் அதன் மீதான மோகம் இன்னும் ஏறிவிட்டது. 2018ல் வெளியான ஒரு ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. பின்பலகையும் பக்கங்களும் மட்டும் வேறு வேறு மரம், மற்றதெல்லாம் ஒன்று போல இருக்கும்படி ஆறு கிட்டார்களைச் செய்து, 52 கிட்டார் கலைஞர்களிடம் கண்ணை மறைத்துக் கொடுத்தார்கள். பிரேசில் ரோஸ்வுட்டும் மஹாகனியும் வால்நட்டும் ஒலித்தரத்தில் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் வாங்கின. எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. காற்றைத் தள்ளுவது மேல்பலகை, மரத்தின் அரிய பெயர் அல்ல. ஸ்ப்ரூஸ் மரத்தை எல்லோரும் மேல்பலகைக்குத் தேர்ந்தெடுப்பது அது எடைக்கு மிக அதிக விறைப்புத் தருவதால்தான்.

ஒரு கிட்டாரை எவ்வளவு நன்றாகச் செய்தாலும் அந்த 70 கிலோ தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். இருபது, முப்பது ஆண்டுகளில் உடல் மெல்ல மடங்கி, நெக்கின் கோணம் மாறி, கம்பிகள் ஃபிரெட்டுகளுக்கு மேலே உயர்ந்து, வாசிக்கவே விரல் வலிக்கும். அப்போது நெக்கைக் கழற்றி, கோணத்தைச் சரிசெய்து மறுபடி பொருத்த வேண்டும். மார்ட்டினின் வழக்கமான டவ்டெயில் மூட்டில் (புறா வால் வடிவில் ஒன்றுக்குள் ஒன்று கோத்து ஒட்டுவது) அதை எப்படிச் செய்கிறார்கள் என்றால், 15வது ஃபிரெட்டைப் பிடுங்கி, அந்தக் கீற்றில் சின்னத் துளை போட்டு, மூட்டுக்குள் நீராவி செலுத்துகிறார்கள். சில நிமிடங்களில் பசை இளகும், நெக் மெல்ல மேலே வந்துவிடும். மூட்டின் கன்னத்தில் மயிரிழை அளவு சீவி, திரும்ப ஒட்டினால் இன்னொரு தலைமுறைக்குத் தாங்கும். திரும்பக் கழற்ற முடிகிற மாதிரி ஒட்டுவதும் நல்ல கட்டுமானத்தில் சேர்த்திதான். போல்ட்டால் பூட்டும் முறையை, குறிப்பாக டெய்லர் கம்பெனி 1999ல் கொண்டுவந்த நெக் மூட்டை, சிலர் மட்டமாகப் பேசுவார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதே வேலை சில நிமிடத்தில் முடிகிறது, அவ்வளவுதான்.

ஈரப்பதத்தையும் சொல்லிவிட வேண்டும். மரம் இழை ஓடும் திசையில் அவ்வளவாக மாறாது, குறுக்கே உப்பும், சுருங்கும். சட்டங்களோ பலகையின் இழைக்குக் குறுக்கே ஒட்டப்பட்டிருப்பதால், காற்று வறண்டால் பலகை சுருங்கப் பார்க்கும், சட்டம் விடாது, நடுவில் வெடிப்பு விழும். 45 முதல் 55 சதவீதம் வரை ஈரப்பதம் வைத்திருங்கள் என்று மார்ட்டின் சொல்வது இதற்காகத்தான். ஃபிரெட் முனைகள் நெக் ஓரத்தில் கையைக் கீறத் தொடங்கினால் மரம் தாகத்தில் இருக்கிறது என்று அர்த்தம். விலை குறைந்த மார்ட்டின்களில், மெக்சிகோவின் நவோஹோவாவில் செய்யும் சில வகைகளில், பக்கமும் பின்பலகையும் காகித அடுக்குகளைப் பிசினில் அழுத்திச் செய்த பலகை. அதைக் கேவலமாகப் பேசுபவர்கள் ஒன்றை மறக்கிறார்கள், வறட்சியில் அது வெடிக்காது.

பழைய கிட்டார் ஒன்றைப் பார்க்கப் போனால் நீளமான நேர்க்கோல் ஒன்றை எடுத்துப் போங்கள். ஃபிரெட்டுகளின் மேல் படுக்க வைத்து பிரிட்ஜ் வரை நீட்டினால், கோலின் முனை பிரிட்ஜின் மேல்பரப்பைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். பிரிட்ஜின் உடம்பில் போய் முட்டினால் நெக் கழற்றும் செலவு காத்திருக்கிறது, அதை விலையில் கழித்துப் பேசுங்கள். அப்புறம் பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை கொஞ்சம் வயிறு தள்ளியிருந்தால் பயந்துவிட வேண்டாம். சட்டங்கள் பிரியாமல் ஒட்டியிருக்கின்றனவா என்று உள்ளே தடவிப் பார்த்துவிட்டு வாசியுங்கள். நாற்பது ஆண்டு எஃகுக் கம்பி போட்டும் துளிகூட அசையாத பலகை என்றால், எனக்கு அதன் சத்தத்தின் மேல்தான் சந்தேகம் வரும்.